கூடி வாழும் மீன்களும் சிறிய தொட்டியும்: வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

மீன் வளர்க்கத் தொடங்குபவர்களில் பலரும் முதலில் வாங்குவது 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியைத்தான். விளிம்பு வரை நிரப்பினால் அதில் 54 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்; அடியில் பரப்பிய மணலையும் கற்களையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்துவிட்டால் மீனுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 45 லிட்டர். அந்தத் தொட்டியை மனத்தில் வைத்துக்கொண்டு மீன் வாங்கப் போகும்போது, ஆரஞ்சு உடலில் மூன்று கருப்புப் பட்டைகளோடு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் கிளவுன் லோச் குஞ்சுகளும், வெள்ளிபோல் மின்னும் உடலும் கருமை ஓரமிட்ட துடுப்புகளும் கொண்ட பாலா ஷார்க் குஞ்சுகளும் கண்ணில் படுகின்றன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். நியான் டெட்ரா என்னும் சிறு மீனைவிடச் சற்றே பெரிய இந்தக் குஞ்சுக்கு 45 லிட்டர் தாராளம் என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

இந்த மீன்களைப் பற்றி வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டிய செய்திகள் இரண்டு. இவை தனியாக வாழும் மீன்கள் அல்ல என்பது ஒன்று, 25 செ.மீ., 30 செ.மீ. என்று வளரக்கூடியவை என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே கேள்விப்பட்டவர்கள் நிறைய உண்டு, சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள் குறைவு. கூட்டமாக வைக்க வேண்டும் என்று மட்டும் அறிந்தவர் சிறிய தொட்டியில் ஆறு குஞ்சுகளை விடுகிறார். பெரிதாகும் என்று மட்டும் அறிந்தவர் இடம் போதாதே என்று ஒன்றே ஒன்றை வாங்கி வருகிறார். இருவரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் இரண்டு வழியிலும் மீன் துன்பப்படுகிறது. இத்தகைய மீனை வாங்கும்போது, முழுதாக வளர்ந்த ஒரு கூட்டத்தையே வாங்குகிறோம் என்று வைத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு இடமும் தண்ணீரும் வேண்டும் என்று முதலில் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

கூட்டம் மீனுக்கு என்ன செய்கிறது

ஆறுகளிலும் ஏரிகளிலும் சிறு மீன்கள் கூடித் திரிவதற்கு முதன்மையான காரணம் உயிர்ப் பாதுகாப்பு. தனியாக நீந்தும் மீனை வேட்டை மீன் குறிவைத்தால் அடிபடுவது அந்த ஒன்றுதான். நூறு மீன்களில் ஒன்றாக இருக்கும்போது அந்த ஆபத்து நூறாகப் பங்கிடப்படுகிறது. ஒரே நிறமும் ஒரே அளவும் கொண்ட பல உடல்கள் ஒரே நேரத்தில் திரும்பும்போது எதைத் துரத்துவது என்று வேட்டை மீனுக்குப் பிடிபடாமல் போகிறது. பல கண்கள் இருப்பதால் ஆபத்தும் முன்கூட்டியே தெரிகிறது, உணவும் விரைவில் அகப்படுகிறது. கூட்டத்தில் உள்ள ஒவ்வோர் உயிரும் தனக்கும் ஆபத்துக்கும் இடையில் இன்னொன்று இருக்கும்படி உள்பக்கமாக நகர்வதாலேயே கூட்டம் இறுகுகிறது என்று உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் 1971இல் எழுதிய கட்டுரை ஒன்று கணக்கு வழியாக விளக்கியது. அதற்கு முன்பே, காயம்பட்ட மீனின் தோலிலிருந்து கசியும் ஒரு பொருளை முகர்ந்து கூட்டத்தின் மற்ற மீன்கள் மிரண்டு ஒதுங்குவதை விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1938இல் விவரித்திருந்தார். அருகில் நீந்தும் மீனின் அசைவை நீரின் அதிர்வாக உணர, மீனின் உடல் நெடுக ஓடும் பக்கக்கோடு என்னும் புலனுறுப்பு உதவுகிறது. ஆகவே கூட்டம் என்பது அந்த மீனுக்குப் பொழுதுபோக்குத் துணை என்ற அளவில் நின்றுவிடுவதில்லை; சுற்றிலும் தன் இனம் தெரிந்தால்தான் தான் பத்திரமாக இருக்கிறோம் என்பதை அது அறிகிறது.

கண்ணாடித் தொட்டியில் வேட்டை மீன் இல்லை என்பது நமக்குத் தெரியும், மீனுக்குத் தெரியாது. தனியாக விடப்பட்ட கூட்ட மீன் நாள் முழுவதும் ஆபத்தில் இருப்பதாகவே நடந்துகொள்கிறது. நிறம் வெளிறும், மூலையில் ஒதுங்கும், விளக்கு எரியும்போது உண்ண வராது, அல்லது கண்ணாடியை ஒட்டி மேலும் கீழுமாக ஓய்வின்றி நீந்தும். நான் முதன்முதலில் வளர்த்த கிளவுன் லோச் அப்படித்தான் இருந்தது. தொட்டி சிறியது என்பதால் ஒன்று போதும் என்று முடிவு செய்து அதை வாங்கியிருந்தேன். ஃபில்டர் குழாய்க்கும் பின்பக்கக் கண்ணாடிக்கும் இடையே இரண்டு விரல் அகலத்தில் ஒரு சந்து இருந்தது. அது அந்தச் சந்தில் போய் நின்றுகொண்டது. பல வாரங்கள் எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் சிவந்த வால் துடுப்பு மட்டுமே. விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்துக் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தால், மணலில் மீசையை அழுத்தி அவசர அவசரமாக எதையோ தின்றுவிட்டு, வெளிச்சம் பட்ட நொடியில் மறுபடியும் சந்துக்குள் போய்விடும். கூச்ச சுபாவமுள்ள மீன் என்று நான் அதை மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது கூச்சம் இல்லை, அச்சம் என்று பின்னால்தான் புரிந்தது.

கூட்டத்துக்குள் வேறொன்றும் நடக்கிறது. கிளவுன் லோச் போன்ற மீன்களிடையே தரவரிசை உண்டு. எது மூத்தது, எது எந்த மறைவிடத்தில் படுப்பது, எது முதலில் உண்பது என்பதை அவை ஒன்றையொன்று தள்ளியும் உரசியும் தீர்மானிக்கின்றன. அப்படி மல்லுக்கட்டும்போது கருப்புப் பட்டைகளும் உடலும் சாம்பல் பூத்தாற்போல் மங்கிவிடும். புதிதாகப் பார்ப்பவர் நோய் என்று பயந்துவிடுவார், ஆனால் சண்டை ஓய்ந்ததும் நிறம் திரும்பிவிடும். ஆறேழு மீன்கள் இருந்தால் இந்தத் தள்ளுமுள்ளு எல்லோருக்கும் பங்காகிறது. இரண்டே இரண்டு இருந்தால் பலம் குறைந்த ஒன்றே எல்லா அடியையும் வாங்குகிறது. டைகர் பார்ப் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கிறது என்ற புகாரிலும் பெரும்பாலும் இதே கதைதான்: எட்டு, பத்து என்று கூட்டம் பெருகினால் அவை தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்கின்றன, மற்ற மீன்களின் பக்கம் போவது குறைகிறது. குறைந்தது ஆறு என்று வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் எண்ணுக்கு இதுவே அடிப்படை. ஆறு என்பது எல்லைக்கோடு போன்ற துல்லியமான எண் இல்லை. ஆனால் இரண்டும் மூன்றும் கூட்டம் ஆகாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீளம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்கு

மீனின் அளவை நாம் நீளத்தால் சொல்கிறோம். தொட்டிக்குச் சுமையாவதோ எடை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிதாகிவிடும். ஒரு மீன் உருவம் மாறாமல் வளர்ந்து நீளத்தில் இரு மடங்கானால், உயரத்திலும் பருமனிலும்கூட இரு மடங்காகியிருக்கும். ஆகவே எடை 2 × 2 × 2 என்று எட்டு மடங்காகிறது. 5 செ.மீ. குஞ்சு 25 செ.மீ. மீனாக வளர்ந்தால் நீளம் 5 மடங்குதான், எடையோ 5 × 5 × 5, அதாவது 125 மடங்கு. அப்படிப்பட்ட ஆறு மீன்கள் சேர்ந்தால், வாங்கிய அன்று பையில் இருந்த ஒரு குஞ்சைப்போல் 750 மடங்கு எடை தொட்டியில் நீந்துகிறது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு செ.மீ. மீன் என்று ஒரு வாய்க்கணக்கு வெகுகாலமாக வழக்கில் இருக்கிறது. சிறிய மீன்களுக்கு அது ஓரளவு பொருந்தும், பெரிய மீன்களுக்கு அறவே பொருந்தாது. 3 செ.மீ. நீளமுள்ள எட்டு டெட்ராக்களின் மொத்த நீளம் 24 செ.மீ.; ஒரே ஒரு 24 செ.மீ. மீனின் நீளமும் அதேதான். வாய்க்கணக்குப்படி இரண்டுக்கும் 24 லிட்டர் போதும். ஆனால் உடல்வாகு ஒன்றே என்று கொண்டால், அந்தப் பெரிய மீன் ஒரு டெட்ராவைப்போல் 512 மடங்கு எடையுள்ளது. எட்டு டெட்ராக்களையும் சேர்த்து நிறுத்தாலும் அதைப்போல் 64 மடங்கு. பெரிய மீன் தன் எடையோடு ஒப்பிடும்போது சிறிய மீனைவிடக் குறைவாகவே உண்ணும் என்பது உண்மைதான்; அதைக் கழித்த பிறகும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாகவே இருக்கிறது.

எடை கூடுவதால் தொட்டியில் என்ன நேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மீன் உண்ட புரதத்தின் கழிவு அம்மோனியாவாக, பெரும்பகுதியும் செவுள் வழியாகவே, தண்ணீரில் கலக்கிறது. ஃபில்டரிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் சிறிதளவே இருந்தாலும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு கொடியது இல்லையென்றாலும் சேர்ந்துகொண்டே போகும். செடிகள் உறிஞ்சுவது போக மீதியைத் தண்ணீர் மாற்றித்தான் அகற்ற வேண்டும். பெரிய தொட்டியில் ஒரு வேளை உணவு கூடிப்போனாலும் கழிவு பரந்த நீரில் கலந்து நீர்த்துவிடும், சரிசெய்ய நமக்கு நேரம் இருக்கும். 45 லிட்டரில் அந்த அவகாசம் கிடையாது. இவை அனைத்தோடும் உயிர்வளியும் சேர்கிறது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 8 மில்லிகிராம் உயிர்வளியைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். வெப்பம் ஏறினால் அதுவும் குறையும். அந்தக் கொஞ்ச உயிர்வளியை மீனும் பங்கிட்டுக்கொள்கிறது, கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவும் பங்கிட்டுக்கொள்கிறது.

தண்ணீரின் தரத்தை வலிய ஃபில்டர் வைத்தும் அடிக்கடி நீர் மாற்றியும் ஓரளவு காப்பாற்றிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. சரி, காப்பாற்றினாலும் இடத்தை எந்த ஃபில்டராலும் கூட்ட முடியாது. தொட்டியின் அகலம் 30 செ.மீ.; மீனின் நீளம் 25 செ.மீ. அது திரும்ப வேண்டுமானால் உடலை வளைத்து, மூக்கும் வாலும் கண்ணாடியை நெருங்கத்தான் திரும்ப முடியும். அந்த அகலத்தில் ஆறு மீன்கள் கூட்டமாக நீந்துவது எப்படி? நீண்ட தூரம் விரைந்து நீந்தும் பாலா ஷார்க்குக்கு 60 செ.மீ. நீளம் என்பது, 25 செ.மீ. வளர்ந்த நிலையிலேயே, தன் உடல் நீளத்தைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்குதான். ஒரு வீச்சு வாலசைத்தால் எதிர்க்கண்ணாடி வந்துவிடும்.

தொட்டிக்கு ஏற்ற அளவுக்குத்தான் மீன் வளரும் என்ற நம்பிக்கை

இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த ஒரு நம்பிக்கையால் வாடிய மீன்கள் எண்ணற்றவை. மீன்களில் பெரும்பாலானவை, முதிர்ச்சி அடைந்த பிறகு வேகம் குறைந்தாலும், வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டிருப்பவை. கண்ணாடியின் அளவை அளந்து பார்த்து, இதற்கு மேல் வளர வேண்டாம் என்று நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் அவற்றின் உடலில் இல்லை. சிறிய தொட்டியில் மீன் குட்டையாகவே இருந்துவிடுவதைப் பலர் பார்த்திருப்பது பொய்யில்லை. அது நிகழ்வது கழிவு தேங்கிய நீராலும் ஓயாத மன அழுத்தத்தாலும் உணவுக் குறைவாலும் அசைய இடமில்லாததாலும். தேவையான உணவும் காற்றும் இடமும் கிடைக்காத குழந்தை உயரமாக வளராததைப் பார்த்து, வீட்டுக்கு ஏற்றபடி வளர்ந்திருக்கிறது என்று யாரும் மகிழ்வதில்லை. முதுகு கூனி, உடல் சிறுத்துக் கண் மட்டும் பெரிதாகத் தெரியும் மீனைப் பார்த்தால் அது தொட்டிக்குப் பழகிவிட்டது என்று எண்ண வேண்டாம். 

தங்கமீன்தான் இதற்கு மிகப் பழைய சான்று. கண்ணாடிக் கிண்ணத்தில் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோவதால் அது சின்னஞ்சிறு மீன், குறைந்த ஆயுள் கொண்டது என்ற எண்ணம் பரவிவிட்டது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மீன், குளத்திலோ பெரிய தொட்டியிலோ வளர்த்தால் 20 செ.மீ.க்கு மேல் வளரும், பத்து ஆண்டுகளைத் தாண்டி வாழும், தன் இனத்தோடு சேர்ந்து திரியும். கட்டுக்கோப்பான கூட்டமாக அது நீந்துவதில்லை என்பதால் அதைக் கூட்ட மீன் என்று பலர் கருதுவதில்லை. ஆனால் தனித்த தங்கமீனையும் நான்கைந்தோடு இருக்கும் தங்கமீனையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் வேறுபாட்டை அறிவார்கள்.

எந்த மீன் எவ்வளவு வளரும்

கிளவுன் லோச் சுமத்ரா, போர்னியோ தீவுகளின் ஆறுகளைச் சேர்ந்தது. டச்சு மருத்துவரும் மீனியலாளருமான பீட்டர் பிளேக்கர் 1852இல் இதை முதலில் விவரித்தார். 2004இல் இதற்கென்றே தனிப் பேரினம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. குரோமோபோட்டியா மேக்ரகாந்தஸ் என்ற இன்றைய அறிவியல் பெயரின் பின்பாதி, பெரிய முள் உடையது என்று பொருள்படும். கண்ணுக்குக் கீழே மடிந்து கிடக்கும் அந்த முள்ளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இது 30 செ.மீ. வரை வளரும், 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும். முதல் ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு வளர்ச்சி மெதுவாகிவிடுவதுதான் ஏமாற்றுகிறது: இரண்டு ஆண்டு ஆகியும் விரல் நீளம்தானே இருக்கிறது என்று வளர்ப்பவர் நிம்மதி அடைந்துவிடுகிறார். ஆறு மீன்கள் கொண்ட வளர்ந்த கூட்டத்துக்கு 180 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் உள்ள தொட்டியைக் குறைந்த அளவாக நான் கொள்வேன். அதில் 648 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 648 கிலோ. வாரம் கால் பங்கு மாற்றினாலே 160 லிட்டருக்கு மேல் தண்ணீரை இறைத்து ஊற்ற வேண்டும். தரையும் தாங்குமேடையும் அந்த எடையைத் தாங்குமா, அந்த வேலையைத் தொடர்ந்து செய்ய முடியுமா என்பவையும் இந்த மீனை வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளே.

பாலா ஷார்க் என்பது பெயரளவில்தான் சுறா. தங்கமீனைப்போல் இதுவும் கெண்டைக் குடும்பமே. முதுகுத் துடுப்பின் வடிவத்தைக் கண்டு வைத்த பெயர் அது. 35 செ.மீ. வரை வளரும், கிளவுன் லோச்சைவிட விரைவாக வளரும், மிரண்டால் தொட்டியை விட்டுத் துள்ளி வெளியே விழும். மூடி இல்லாத தொட்டியில் இதை ஒருநாளும் விடக்கூடாது. அதன் கூட்டத்துக்கு 180 செ.மீ. நீளம்கூட நெருக்கடிதான், 240 செ.மீ. இருந்தால் நல்லது. டின்ஃபாயில் பார்ப் ஏறக்குறைய இதே அளவு வளரும், செடிகளையும் தின்றுவிடும். தட்டுப்போல் வட்டமாக இருக்கும் சில்வர் டாலர் 15 செ.மீ. அளவில் நின்றுவிடுகிறது, ஆனால் அதுவும் ஐந்தாறு சேர்ந்தால்தான் அச்சம் தெளியும் என்பதால் 120 செ.மீ.க்குக் குறைந்த தொட்டியில் அதற்கு இடமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழும், மிஸ் கேரளா என்று பெயர்பெற்ற டெனிசன் பார்ப்பும் ஏறக்குறைய அதே 15 செ.மீ. நீளம் எட்டும். ஓடும் நீரும் நிறைந்த உயிர்வளியும் அதற்கு வேண்டும். இயற்கையில் அருகிவரும் இனம் என்பதால் அதை வாங்குவதற்கு முன் இன்னும் ஒருமுறை யோசிக்கும்படி கேட்டுக்கொள்வேன்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு மனவருத்தம் தருவது, நீல ஒளி வீசும் உடலோடு விரல் நீளத்தில் விற்கப்படும் இரிடெசன்ட் ஷார்க். இது உண்மையில் மீகாங், சாவோ பிரயா ஆறுகளின் கெளுத்தி வகை மீன். ஒரு மீட்டரைத் தாண்டி வளரும், உணவுக்காகப் பண்ணைகளில் டன் கணக்கில் வளர்க்கப்படும் மீன் இது. ஆற்றில் நெடுந்தூரம் வலசை போகும் இந்த மீன் சிறிது நிழலாடினாலும் மிரண்டு கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்கிறது. வீட்டில் வைக்கக்கூடிய எந்தத் தொட்டியும் இதற்குப் போதாது. தொடக்கநிலையாளர் என்று இல்லை, யாருமே வீட்டுத் தொட்டிக்கு வாங்கக்கூடாத மீன் என்பது என் கருத்து.

பிறகு பெரிய தொட்டி வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம்

குஞ்சுகளை இப்போது சிறிய தொட்டியில் வளர்த்து, வளர்ந்ததும் பெரியதற்கு மாற்றலாம் என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது, செய்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெரிய தொட்டிக்கான இடத்தையும் பணத்தையும் முன்னரே ஒதுக்கி வைத்துவிட்டு மீனை வாங்கியவர்கள். மற்றவர்கள் விஷயத்தில், மீன் வளரும் வேகத்துக்கு வீட்டின் சூழ்நிலை வளர்வதில்லை. ஓராண்டுக்குள் பெரிய தொட்டி எந்தச் சுவரோரம் வரும் என்று கைகாட்டிச் சொல்ல முடியாதவர் இந்த மீன்களை வாங்காமல் இருப்பதே நல்லது. சொல்ல முடிந்தவரும், முதலில் பெரிய தொட்டியை அமைத்து, ஃபில்டரில் பாக்டீரியா நிலைபெற்ற பிறகு குஞ்சுகளை நேரடியாக அதில் விட்டால் மீனுக்கும் அலைச்சல் இல்லை, செலவும் ஒருமுறையோடு போகும்.

45 லிட்டர் மட்டும் வைத்திருப்பவர் மனம் வாட வேண்டியதில்லை. கூட்டத்தின் அழகை அந்தத் தொட்டியிலேயே முழுமையாகக் காண முடியும், மீனைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. 2 செ.மீ. அளவே வளரும் எம்பர் டெட்ரா பத்துப் பன்னிரண்டு விட்டால், செடிகளின் பச்சைக்கு முன்னால் கனல்போல் அவை மிதந்து செல்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நியான் டெட்ரா, ஹார்லெக்வின் ரஸ்போரா ஆகியவற்றில் ஏதாவது ஓர் இனத்தை எட்டு வைக்கலாம். தரையில் மேயும் மீன்தான் வேண்டும் என்றால், 3 செ.மீ.க்கும் குறைவான பிக்மி கோரிடோராஸ் ஆறு எட்டு சேர்ந்து நீந்துவது அருமையான காட்சி. மூன்று இனங்களில் இரண்டிரண்டு வாங்குவதைக் காட்டிலும் ஓர் இனத்தில் எட்டு வாங்குவது எப்போதும் மேல். லோச் மீதுதான் ஆசை என்பவர், 90 செ.மீ. நீளத் தொட்டி இருந்தால், 6 செ.மீ. அளவில் நின்றுவிடும் ட்வார்ஃப் செயின் லோச் கூட்டத்தை வளர்க்கலாம். கிளவுன் லோச்சின் துறுதுறுப்பு அத்தனையும் அதனிடம் உண்டு.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு

முதலில் தொட்டியையும் மீனையும் அளந்து பாருங்கள். மீனின் நீளம் தொட்டியின் அகலத்தில் பாதியைத் தாண்டிவிட்டதென்றால் காலம் கடந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். வேறு ஏற்பாடு ஆகும் வரை உணவைச் சற்றுக் குறைத்து, தண்ணீரை வழக்கத்தைவிட அடிக்கடி, சிறிது சிறிதாக, குளோரின் நீக்கிய நீரால் மாற்றுவது மீனுக்கு மூச்சுவிட இடம் தரும். தனியாக இருக்கும் மீனைக் கண்டு இரங்கி அதே சிறிய தொட்டிக்குள் துணை சேர்ப்பது சிக்கலைப் பெருக்கும். அந்தத் தனிமைக்கு மருந்து, அந்த இனத்தின் கூட்டம் ஏற்கெனவே இருக்கும் பெரிய தொட்டி. அப்படி வளர்ப்பவரைத் தேடிக் கொடுப்பதே முதல் வழி. கிடைக்காவிட்டால் வாங்கிய இடத்திலேயே திரும்பக் கொடுக்க முடியுமா என்று கேட்கலாம். ஆறு இருந்தால் ஆறையும் சேர்த்தே கொடுங்கள். பிரிய மனமில்லாமல் இரண்டை வைத்துக்கொண்டு நான்கைக் கொடுத்தால் இரண்டு பக்கத்துக் கூட்டமும் கலைந்துபோகிறது.

ஆற்றிலோ ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடுவது மட்டும் கூடவே கூடாது. விடப்பட்ட மீன் பட்டினியால் சாகலாம். சாகாமல் பிழைத்துப் பெருகினால் அது இன்னும் பெரிய கேடு. தொட்டிகளிலிருந்து வெளியேறிய தங்கமீனும், கண்ணாடி துடைக்கும் மீன் என்று விற்கப்படும் சக்கர் கெளுத்தியும் உலகின் பல நாடுகளில் நீர்நிலைகளை ஆக்கிரமித்து அங்குள்ள மீன்களின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொண்டிருக்கின்றன. தொட்டி நீரிலுள்ள நோய்க்கிருமிகளும் மீனோடு சேர்ந்தே போகின்றன.

கிளவுன் லோச்சை இடம் மாற்றும்போது வலையைத் தவிர்ப்பது நல்லது. முன்பு சொன்ன, கண்ணுக்குக் கீழுள்ள முள்ளை அது பிடிபடும்போது விரித்துப் பூட்டிக்கொள்ளும். வலையின் நூலில் அது சிக்கினால் இழுக்க இழுக்க மீனுக்குக் காயம், நம் விரலையும் அது பதம் பார்க்கும். ஒளிவு மறைவுகளை எடுத்துவிட்டு, நீருக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அமிழ்த்தி, மீனை மெல்ல அதற்குள் ஓட்டிவிட வேண்டும். இடமாற்றத்துக்குப் பிறகு உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளி நோய் வருவது லோச்சுகளில் அடிக்கடி நிகழ்வது. செதில்கள் மிக நுண்ணியவை என்பதால் மருந்தின் அளவிலும் எச்சரிக்கை வேண்டும். எனவே புதிதாக வரும் மீனை இரண்டு மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேர்ப்பார்கள்.

என்னுடைய லோச்சும் அப்படித்தான் போனது. நண்பர் ஒருவரின் 180 செ.மீ. தொட்டியில் ஏழு கிளவுன் லோச்சுகள் இருந்தன. மூன்று வாரம் தனியே வைத்திருந்துவிட்டு, ஒரு மாலை விளக்கை அணைத்தபின் அவர் அதைப் பெரிய தொட்டிக்குள் விட்டார். நானும் அருகில் இருந்தேன். ஏழும் மரக்கட்டையின் அடியிலிருந்து வெளியே வந்து அதைச் சுற்றின. பெரியது ஒன்று பக்கவாட்டில் உரசித் தள்ளியது. என் மீன் சாம்பல் நிறமாக வெளிறி மூலைக்குப் போனது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியே, விரல் சொடுக்குவது போன்ற டக், டக் என்ற ஓசை கண்ணாடிக்குள்ளிருந்து கேட்டது. கிளவுன் லோச்சுகள் உற்சாகத்திலும் சண்டையிலும் எழுப்பும் ஒலி அது. என் தொட்டியில் இருந்த காலத்தில் அதனிடமிருந்து அந்த ஒலியை ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. மூன்றாம் நாள் பகலில் போய்ப் பார்த்தபோது ஃபில்டர் குழாயின் பின்னால் எதுவும் இல்லை. மரக்கட்டையின் கீழ் எட்டு மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. எது என்னுடையது என்று தெரியவில்லை.